பேருந்துக்குள் இருப்பவர்களை யார் எண்ணுவது?

ஒரு நகரத்தின் நடுப்பகுதியில் நெரிசல் என்று வெளியிலிருந்து ஆலோசனைக் குழுவைக் கூப்பிட்டால், அந்தக் குழு முதலில் செய்கிற வேலை எண்ணுவதுதான். சந்திப்புக்குச் சந்திப்பு கேமரா கட்டி, நேராகப் போகிற வண்டி எத்தனை, இடப்பக்கம் திரும்புவது எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக நிரப்பி, அதையெல்லாம் ஒரு மென்பொருளில் கொட்டி, பத்து வருடம் கழித்து இந்தச் சந்திப்பு என்ன கதியாகும் என்று திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். நானும் இதே தொழிலில் இருப்பவன்தான். தென்கொரியாவின் தேகு நகரத்தில் அப்படி வந்து போகிற ஒரு குழுவில் வேலை பார்த்தேன். நகர நடுவில் வண்டியை எண்ணித் தொடங்கும் ஆய்வு தப்பான இடத்தில்தான் போய் முடியும், ஆளைத்தான் எண்ண வேண்டும் என்று முன்பே படித்திருக்கிறேன். அதை நேரில் பார்த்து உறுதியானது அங்கேதான். இப்போது அந்த ஊரிலும் சியோலிலும் நடக்கிற சில விஷயங்களைப் பார்த்தால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேகு தென்கிழக்குக் கொரியாவில், 23 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊர். சுற்றிலும் மலை, நடுவே தாழ்ந்த நிலம், அதனால் கோடையில் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். கொரியா என்றதும் பனியையே நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1942 ஆகஸ்ட் 1 அன்று இங்கே 40 டிகிரி பதிவானது, 2018 வரை அந்த நாட்டின் உச்ச வெப்பநிலை அதுதான். வெயிலின் கொடுமை தெரிந்த நகராட்சி என்பதால் 1996 முதல் ஒரு கோடி மரம் நடுவது என்று இறங்கி நட்டும் காட்டினார்கள். சாலையைக் கடக்கக் காத்திருக்கும் இடங்களில் கோடைக்கு என்று பெரிய குடைகளை விரித்து வைக்கிறார்கள். போக்குவரத்துக் கட்டுரையில் மரமும் குடையும் எதற்கு என்று கேட்கலாம். ஆகஸ்டு மதியத்தில் அந்த ஊர்ச் சிக்னல் ஒன்றில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள், எதற்கென்று தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நகரத்தின் நடுப்பகுதி ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்குள் இருந்தது. 1736இல் கல்லால் கட்டிய மதில். 1906-07இல் அதை இடித்துத் தள்ளி, மதில் நின்ற தடத்திலேயே நான்கு பக்கமும் சாலை போட்டார்கள். இன்று இளைஞர்கள் குவிகிற கடைத்தெருவான தொங்சோங்னோ அந்தக் கிழக்கு மதிலின் தடம். வடக்கு மதிலின் தடம் புக்சோங்னோ, அங்கே வரிசையாக இரும்புச் சாமான், எந்திரக் கருவி விற்கும் கடைகள். தெற்குப் பக்கம் 1658 முதல் நடந்துவருவதாகச் சொல்லப்படும் மூலிகைச் சந்தை, அந்தத் தெருவில் காலை வைத்ததுமே கஷாய வாசனை வரும். இந்தச் சதுரத்தின் ஊடாக வடக்கே தேகு ரயில் நிலையத்தில் தொடங்கித் தெற்கே பான்வோல்தாங் சந்திப்பு வரை ஓடுவது ஜுங்காங்னோ. என் கட்டுரையின் நாயகன் இந்தச் சாலைதான். நீளம் என்னவோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்.

இதன் அடியில்தான் மெட்ரோவின் முதல் தடம் ஓடுகிறது. 2003 பிப்ரவரி 18 அன்று ஜுங்காங்னோ நிலையத்தில் ஒருவர் ரயிலுக்குள் தீ வைத்து 192 பேர் இறந்துபோனது இந்தச் சாலைக்குக் கீழேதான். நிலையத்துக்குள் தீயில் கருகிய சுவரின் ஒரு பகுதியை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச வருகிற யாரும் முதலில் அங்கே போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் எண்ணம். நாங்கள் போனோம்.

சரி, எண்ணுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

சிக்னல் சந்திப்புகளுக்கு ஏ (மிக நன்று) முதல் எஃப் (மிக மோசம்) வரை தரம் போடுவது எங்கள் தொழிலில் பல நாடுகளிலும் இருக்கும் வழக்கம். ஒரு வண்டி சராசரியாக எத்தனை விநாடி தாமதமாகிறது என்பதுதான் அளவுகோல். மற்ற பல நாடுகளில் எஃப்போடு முடிந்துவிடும். கொரியாவின் கையேடு அதற்குக் கீழேயும் இரண்டு படி வைத்திருக்கிறது. 100 விநாடியைத் தாண்டினால் எஃப், 220ஐத் தாண்டினால் இரட்டை எஃப், 340ஐயும் தாண்டினால் மூன்று எஃப். நெரிசலின் அளவைக் கொரியப் பொறியாளர்கள் எவ்வளவு நேர்மையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அதைப் பார்த்ததும் மரியாதைதான் வந்தது. ஆனால் அளவுகோல் எவ்வளவு நுணுக்கமானாலும் அது அளப்பது வண்டியின் தாமதத்தைத்தான். உள்ளே ஒருவர் இருக்கிறாரா நாற்பது பேர் இருக்கிறார்களா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. வெவ்வேறு வண்டிகளை ஒரே கணக்கில் கொண்டுவர, எல்லாவற்றையும் கார்களாக மாற்றிக்கொள்வோம். ஒரு பேருந்து ஏறக்குறைய இரண்டு கார். சாலையில் அடைக்கிற இடத்துக்கு அது சரியான கணக்குதான். இப்போது ஒரு பேருந்துத் தடத்தில் மணிக்கு 60 பேருந்து போகிறது, ஒவ்வொன்றிலும் 30 பேர் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1,800 பேர் போகிறார்கள். எங்கள் அட்டவணையில் அது 120 கார் என்று பதிவாகும். பக்கத்துத் தடத்தில் 600 கார் போகிறது, அதில் 700, 800 பேர் இருக்கலாம். அட்டவணையைப் பார்க்கும் அதிகாரிக்கு என்ன தெரியும்? ஒரு தடத்தில் 600, இன்னொன்றில் 120. பேருந்துத் தடம் காலியாகக் கிடக்கிறது, அதைக் கார்களுக்கும் திறந்துவிட்டால் என்ன என்ற கேள்வி தானாகவே வரும். யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியதும் சரி, கூட்டியதும் சரி. இரண்டு மடங்கு ஆட்களைச் சுமக்கிற தடம் வீண் என்று ஒரு தாள் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

பேருந்துக்குள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளக் கொரியாவில் வழி இல்லாமலும் இல்லை. ஏறக்குறைய எல்லோரும் கட்டண அட்டையை எந்திரத்தில் தொட்டுத்தான் ஏறுகிறார்கள். சியோலில் 2004 முதல் மாறி மாறிப் போகும் பயணத்துக்குத் தூரத்தை வைத்துக் கட்டணம், அதனால் இறங்கும்போதும் மறக்காமல் தொடுவார்கள், எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்பது முழுசாகக் கிடைக்கும். தேகுவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். அடுத்த பேருந்துக்கோ மெட்ரோவுக்கோ 30 நிமிடத்துக்குள் இலவசமாக மாற வேண்டியவர் இறங்கும்போது தொடுவார், மாற வேண்டாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இறங்கும் விவரம் அதனால் அரைகுறையாகத்தான் இருக்கும். இந்த இடைவெளியை நிரப்ப ஒரே வழி, நிறுத்தத்தில் ஆட்களை நிறுத்தி எண்ணுவது. செலவு பிடிக்கும், நேரம் பிடிக்கும், வந்து போகிற குழுவிடம் இரண்டும் இருக்காது. ஆய்வில் முதலில் வெட்டுப்படும் வரியும் இதுவாகத்தான் இருக்கும். வெட்ட விடக்கூடாது. மற்ற எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம்.

எந்த நாளில் எண்ணுவது என்பது அடுத்தது. உலகம் முழுக்கச் செவ்வாய், புதன், வியாழனில் எண்ணுவதுதான் வழக்கம், காலை அலுவலக நேரமும் மாலை அலுவலக நேரமும். வெளிவட்டச் சாலைக்கு அது போதும். தொங்சோங்னோ போன்ற இடத்துக்கு அது எதையும் சொல்லாது. புதன்கிழமை காலை எட்டரைக்கு அந்தத் தெருவில் கடைகளே திறந்திருக்காது. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குப் போனால் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள், காதலர்கள், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர்கள். நகர நடு எதற்காக இருக்கிறதோ அந்த நேரத்தில் எண்ணாமல், அது தூங்குகிற நேரத்தில் எண்ணி, அதை வைத்துத் திட்டம் போடுவது எப்படிச் சரியாகும்?

இப்போது அந்த இரண்டு நிமிடம். கொரியா வலப்பக்கம் ஓட்டுகிற நாடு, அதனால் எதிரே வருவதைக் குறுக்கே வெட்டிப் போகிற திருப்பம் அவர்களுக்கு இடப்பக்கத் திருப்பம். அதற்குத் தனி அம்புக்குறி, தனி நேரம். பெரிய சந்திப்புகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படித் தனித்தனியாக ஒதுக்கி ஒதுக்கி, சிக்னல் ஒரு சுற்று முடிந்து திரும்பி வர 150, 160 விநாடி ஆகிவிடும். நடப்பவர்களுக்கான பச்சைக்கு ஒரு சூத்திரம் உண்டு: இறங்கத் தொடங்க 7 விநாடி, பிறகு மீட்டருக்கு ஒரு விநாடி. முப்பது மீட்டர் அகலச் சாலை என்றால் 37 விநாடி பச்சை. 160 விநாடிச் சுற்றில் மிச்சம் 123 விநாடி அவருக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்த கணத்தில் வந்து சேர்ந்தவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கிறார். பச்சையில் வந்தவர்களையும் சேர்த்துச் சராசரி போட்டால்கூட ஆளுக்கு முக்கால் நிமிடத்துக்கு மேல் வரும். சந்திப்பின் நாலு பக்கத்திலும் நிற்கிற அத்தனை பேரின் அத்தனை முக்கால் நிமிடத்தையும் கூட்டினால் என்ன வரும்? கூட்டுவதில்லை. எஃப்பும் இரட்டை எஃப்பும் வண்டிக்குத்தான். நடப்பவர் கணக்கில் வருவது, அவருக்காக எத்தனை விநாடி வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறது என்கிற தொல்லையாக மட்டுமே.

வசதிகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னும் எத்தனை விநாடி என்று காட்டும் எண்பலகை இருக்கிறது, கைபேசியைக் குனிந்து பார்த்தபடி நிற்பவர்களுக்காகத் தரையிலேயே சிவப்பும் பச்சையுமாக எரியும் விளக்குப் பட்டை இருக்கிறது, எல்லாம் சுத்தமாக வேலையும் செய்கிறது. 2021 ஏப்ரலில் நாடு முழுக்க நகரச் சாலைகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், உள் தெருக்களுக்கு 30 என்று வேகத்தைக் குறைத்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து, முன்னால் சிவப்பு விளக்கு இருந்தால் வலப்பக்கம் திரும்புகிறவரும் முழுசாக நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிற சட்டங்கள் இவை, முழு மனசோடு பாராட்டுகிறேன். ஆனால் காத்திருக்கும் நேரம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குச் சட்டம் தேவையில்லை, சுற்றைச் சுருக்கினால் போதும். சுற்றைச் சுருக்கினால் வண்டிகளின் தரம் ஒரு எழுத்து இறங்கும் என்று மென்பொருள் சொல்லும். இறங்கட்டும்.

பான்வோல்தாங்கில் வேறு கதை. மெட்ரோவின் முதல் தடமும் 2005இல் வந்த இரண்டாம் தடமும் சந்திக்கிற இடம், கீழே பெரிய கடைத்தெருவே ஓடுகிறது. கொரிய நகரங்கள் பலவற்றில் பெரிய சாலைகளைக் கடக்க ஆட்களை இப்படித்தான் பூமிக்கு அடியில் அனுப்பினார்கள். போர் வந்தால் பதுங்குமிடமாகவும் ஆகும், மேலே வண்டிகளும் நிற்காமல் ஓடும் என்ற யோசனை. பிறகு மேலே வரிக்கோடு போட்டுக் கடக்கவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கீழே கடை வைத்திருப்பவர்கள் எதிர்ப்பார்கள், அவர்களுக்கு வாடிக்கையே படியிறங்கி வருகிறவர்கள்தானே. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அந்தக் கடைகளை அங்கே வைக்கச் சொன்னதே நகரம்தான். ஆனால் 2024 இறுதியில் கொரியாவில் ஐந்தில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர் என்றாகிவிட்டது. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி இருபது படி இறங்கி, நடந்து, இருபது படி ஏறிச் சாலையின் மறுபக்கம் போக வேண்டும் என்பதை இனிமேல் சகஜமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாட்டி எங்கள் கேமராவில் விழவே மாட்டார், சாலைக்கு அடியில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறார்.

இந்தப் பின்னணியில்தான் ஜுங்காங்னோவில் நடந்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 2009 டிசம்பர் 1 முதல் அந்த 1.05 கிலோமீட்டரைப் பேருந்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கொரியாவிலேயே முதல்முறை. நாலு தடம் இரண்டாகச் சுருங்கியது, மிச்ச இடம் நடப்பவர்களுக்குப் போனது. மரங்கள் வந்தன, ஓரத்தில் சின்னதாக ஒரு நீரோடைகூட வந்தது. டாக்ஸிகளுக்கு இரவில் அனுமதி, சரக்கு வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு. மெட்ரோ அடியில் ஓடுகிற சாலை, மேலே பேருந்து, இரண்டு பக்கமும் நடந்து போகக் கடைத்தெருக்கள். இதைவிடப் பொருத்தமான இடம் ஒரு நகரத்தில் கிடைக்காது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 2006இல், பேருந்துகளைத் தனியார் ஓட்டினாலும் வருமானத்தைப் பொதுவில் சேர்த்து, நஷ்டத்தை நகரம் ஈடுகட்டி, வழித்தடங்களை நகரமே தீர்மானிக்கும் முறைக்குத் தேகு வந்திருந்தது. அந்த அடித்தளம் இருந்ததால்தான் 2009இல் துணிய முடிந்தது என்று நினைக்கிறேன். வழித்தடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் கையில் இல்லாத நகரம் பேருந்துச் சாலை போட்டால் அது வெறும் பெயர்ப்பலகையாகத்தான் நிற்கும்.

அங்கே நின்று எண்ணியபோது எனக்குப் பிடித்த விஷயம், சத்தம். பேருந்து போகும், அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் வராது, பேச்சுச் சத்தம் கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும். பான்வோல்தாங் முனைக்கு வந்து எட்டு, பத்துத் தடச் சாலையின் ஓரத்தில் நின்றால் பக்கத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

சரக்கு விஷயத்தில் மட்டும் நகரம் இன்னும் மெனக்கெட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. புக்சோங்னோவின் கருவிக் கடைகளுக்கு இரும்பு வர வேண்டும், போக வேண்டும். ஹுண்டாயின் போர்ட்டர் என்கிற ஒரு டன் லாரிதான் கொரியச் சிறுவியாபாரத்தின் முதுகெலும்பு. அதையும்விடச் சின்னதாக லாபோ என்று ஒரு குட்டி லாரி இருந்தது, சந்துகளுக்குள் புகுந்து வரும், 2021இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சின்ன வண்டி போனதும் அந்த வேலையைப் பெரிய வண்டிதான் செய்ய வேண்டியிருக்கிறது, அது சந்துக்குள் நுழையாமல் முனையில் நிற்கிறது, முனையில் நின்றால் நடைபாதை அடைபடுகிறது. கடைக்காரர்களிடம் பேசப் போகும்போது எங்கள் மொழிபெயர்ப்பாளர் "சாஜாங்நிம்" என்று முதலாளிக்குரிய மரியாதையோடு குனிந்து கூப்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார், அவர்களும் வேலையை நிறுத்திவிட்டு நிதானமாகச் சொல்வார்கள். பலர் சொன்னது ஒரே விஷயம்தான்: வண்டியை எங்கே நிறுத்திச் சரக்கை இறக்குவது, எத்தனை மணிக்கு, அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், நாங்கள் அதன்படி நடந்துகொள்கிறோம். கொரியாவில் தப்பான இடத்தில் நிற்கிற வண்டியை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு படம் எடுத்து அரசுச் செயலியில் அனுப்பலாம், அபராதச் சீட்டு வீட்டுக்கே போய்விடும். தீயணைப்புக் குழாய், சந்திப்பு முனை, பேருந்து நிறுத்தம், வரிக்கோடு என்று சில இடங்களில் அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் மன்னிப்பே இல்லை. இவ்வளவு கறாரான ஊரில் சரக்கு இறக்கச் சரியான இடம் இல்லை என்றால் அந்த வியாபாரி என்ன செய்வார்? கோபம் பேருந்துச் சாலை மேல் திரும்புகிறது. திரும்பியது.

2023 இறுதியில் ஜுங்காங்னோவின் வடக்குத் துண்டை, தேகு ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியை, மறுபடியும் எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வியாபாரம் படுத்துவிட்டது, பக்கத்தில் அடுக்குமாடிகள் எழும்பி வண்டிகள் கூடுகின்றன என்பது காரணம். இந்த முடிவு தவறானது என்று நான் நினைக்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நகர நடுவின் வியாபாரம் இறங்கியது உண்மைதான். தொங்சோங்னோவின் அடையாளமாக இருந்த தேகு டிபார்ட்மென்ட் ஸ்டோர் 2021 ஜூலையில் மூடியது, சந்திக்கிற இடம் என்றால் ஊரே அதன் வாசலைத்தான் சொல்லும். ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். அதிவேக ரயில் நிற்பது பழைய தேகு நிலையத்தில் இல்லை, கிழக்கே இருக்கும் தொங்தேகுவில். 2016 டிசம்பரில் அதே தொங்தேகு நிலையத்தோடு சேர்த்துப் பேருந்து முனையமும் ஷின்செகே நிறுவனத்தின் மாபெரும் கடைவளாகமும் வந்தன. வெளியூர்க்காரர் ரயிலை விட்டு இறங்கினால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும், பழைய நிலையத்துப் பக்கம் வரவே தேவையில்லை. கொரியர்கள் அரிசி முதல் அலமாரி வரை கைபேசியில் வாங்கி அடுத்த நாள் காலையில் வாசலில் எடுத்துக்கொள்கிறவர்கள். அப்புறம் கொரோனா. இதே பேருந்துச் சாலையின் தெற்கு முனைக்குப் பக்கத்தில் 2011இல், அதாவது கார்களை நிறுத்தி இரண்டு வருடம் ஆகும் முன்பே, ஹுண்டாய் டிபார்ட்மென்ட் ஸ்டோர் புதிதாகத் திறந்தது. பேருந்துச் சாலை வியாபாரத்தைக் கொல்லும் என்றால் அவ்வளவு பணத்தை அங்கே கொண்டுவந்து யார் கொட்டுவார்கள்? வடக்கு முனை சோர்ந்ததற்கும் தெற்கு முனை நிமிர்ந்ததற்கும் காரணம் வேறெங்கோ இருக்கிறது, இரண்டு முனையிலும் ஓடிய சாலை ஒன்றுதான்.

சியோலிலும் இதே காற்று அடிக்கிறது. சின்சொன் பல்கலைக்கழகப் பகுதியில் யோன்செ-ரோ என்கிற அரைக் கிலோமீட்டர் சாலை, 2014 ஜனவரியில் சியோலின் முதல் பேருந்துச் சாலையாக மாறியது. மாணவர்கள் கூட்டம் அலைமோதும் தெரு. கடைகள் காலியாகின்றன என்று 2023இல் சில மாதம் கார்களை விட்டுப் பார்த்து, மறுபடி நிறுத்தி, கடைசியில் 2025 ஜனவரி 1 முதல் முழுசாகத் திறந்துவிட்டார்கள். பதினொரு வருடம் ஆன பிறகு.

இத்தனைக்கும் சாலையைக் குறைத்தால் நகரம் முடங்காது என்று உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் சியோல். நாளுக்கு 1,60,000 வண்டிக்கும் மேல் ஓடிய சொங்க்யேசொன் சாலையையும் அதன் தலைமேல் நின்ற மேம்பாலத்தையும் 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபர் 1 அன்று அங்கே 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்தார்கள். ஓடையின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இடையில் 2004 ஜூலை 1 அன்று ஒரே நாளில் சியோலின் பேருந்து முறை மொத்தமாக மாற்றப்பட்டதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு வராது. வழித்தடங்கள் புதிது, எண்கள் புதிது, நீலம் பச்சை சிவப்பு மஞ்சள் என்று நிறங்கள் புதிது, சாலை நடுவில் பேருந்துத் தடங்கள், ஒரே அட்டை. முதல் சில நாட்கள் ஊரே திணறியது, அட்டை எந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை, மேயர் லீ மியுங்-பாக் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பின்வாங்கவில்லை. மேம்பாலத்தில் போன வண்டிகள் எங்கே போயின என்று கேட்பவர்களுக்கு, பாலத்தை எடுத்ததோடு நிற்காமல், அதில் வந்தவர்களில் ஒரு பங்கு பேருக்கு வேறு வழியையும் கட்டிக் கொடுத்தார்கள் என்பதே என் பதில்.

நம்சான் சுரங்கப் பாதைகளின் கதை இன்னும் நேரடியானது. நடு நகரத்துக்குள் வரும் 1ஆம், 3ஆம் சுரங்கங்களில் 1996 நவம்பர் முதல் 2,000 வான் (கொரிய நாணயம்) கட்டணம், மூன்று பேராவது இருக்கும் காருக்கு இல்லை. 2023இல் இது இன்னும் தேவையா என்று பார்க்க ஒரு மாதம் வெளியே போகும் பக்கத்தை மட்டும் இலவசமாக்கினார்கள், அடுத்த மாதம் இரண்டு பக்கத்தையும். முதல் மாதம் வண்டிகள் ஏறக்குறைய 5 விழுக்காடு கூடின, இரண்டாம் மாதம் ஏறக்குறைய 13 விழுக்காடு. மறுபடி கட்டணத்தைக் கொண்டுவந்து, 2024 ஜனவரியிலிருந்து உள்ளே வருபவர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள். 27 வருடமாக விலை ஏறாத 2,000 வான், ஒரு காபியின் விலைகூட இல்லை, அதை எடுத்ததும் அவ்வளவு வண்டி வந்துவிட்டது. திறந்தால் வரும். இதைவிடத் தெளிவாக எந்த மென்பொருளும் சொல்லப் போவதில்லை.

வந்து போகிற குழுவுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்டால், நிறைய இருக்கிறது. அந்நியர்களுக்கு அங்கே வழி கண்டுபிடிப்பதே பாடு. பழகிய கூகுள் வரைபடம் பல வருடங்களாகக் கொரியாவில் நடை வழியையும் கார் வழியையும் சொல்லாமல் இருந்தது, உள்ளூர் நேவர் வரைபடத்தைக் கற்றுக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. ஊரின் அரசியல் தெரியாது, எந்தச் சங்கம் யாரோடு என்று தெரியாது. அதனால் பாதுகாப்பான இடத்துக்குள் ஒதுங்கத் தோன்றும், வண்டி எண்ணிக்கை அப்படிப்பட்ட இடம், யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் உள்ளூர் அதிகாரியால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்நியரால் சொல்ல முடியும். நாளைக்கு அந்தக் கடைக்காரரை அவர் தெருவில் பார்க்க வேண்டும், நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் ஒரு எஃப் தரத்தை 'ஈ' (E) தரமாக மாற்றும் திட்டத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது எனக்குச் சம்மதமில்லை.

தேகுவின் வடக்குத் துண்டுக்கு இன்னொரு ஆய்வு என்று வந்தால், நான் கேட்பது இதுதான். ரயில் நிலையச் சந்திப்பில் சனிக்கிழமை மதியம் மூன்று மணி முதல் இரவு ஒன்பது வரை எண்ணுங்கள். பேருந்து நிறுத்தங்களில் ஆள் வைத்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எண்ணுங்கள். கடை வாசல்களில் நின்று, வாங்க வந்தவர்கள் எதில் வந்தார்கள் என்று கேளுங்கள், கடைக்காரர் நினைப்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று அவரிடமே காட்டுங்கள். புக்சோங்னோவுக்குக் காலை பத்து மணிக்குள் சரக்கு இறக்க இடம் குறித்துக் கொடுங்கள். திறந்துவிட்ட பிறகு அந்த வழியாகப் போகிற கார்களில் எத்தனை அந்தத் தெருவில் நின்றன, எத்தனை சும்மா கடந்து போயின என்று வண்டியின் எண் பலகையை வைத்துப் பாருங்கள், அது கடினமான வேலையே இல்லை, இரண்டு முனையிலும் கேமரா இருந்தால் போதும். கடந்து போகிற கார் எந்தக் கடையிலும் ஒரு ஆணியைக்கூட வாங்காது. அந்த எண்ணிக்கையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மறுபடியும் அந்தச் சாலையை மூடுவதா வேண்டாமா என்று பேசலாம்.